நான்காம் இடத்துக்கு ஆதரவாக: பிடித்த கோல்ஃப் வீரரைத் தேர்ந்தெடுத்தல் குறித்து

பிடித்த நடிகர் யார், பிடித்த கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்டால் தமிழர்களில் விடை சொல்லத் தயங்குவோர் குறைவு. பிடித்த கோல்ஃப் வீரர் யார் என்று கேட்டால், கேள்வியே வேடிக்கையாகத் தோன்றும். பெரும்பாலோர் டைகர் உட்ஸ் என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். அவருடைய ஆட்டத்தில் ஓர் அடியைக்கூடப் பார்த்திராதவர்களும் அப்படியே சொல்வார்கள். ஒருவரை அறியாமலேயே அவரைப் பிடிக்கும் என்று சொல்லிவிட முடிகிறது. இது கவனிக்கத்தக்கது. ஏனெனில் 'பிடித்தவர்' என்பது உணர்ச்சியின் பெயரில் வழங்கப்படும் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்றால் காரணம் கேட்கப்படும். காரணம் சொல்ல முடியாத விருப்பம் பெரும்பாலும் பிறர் செய்த தேர்வின் எதிரொலியாகவே இருக்கிறது.

கிரிக்கெட்டில் இந்த எதிரொலியைப் பிரித்தறிவது கடினம். விருப்பங்கள் குழந்தைப் பருவத்திலேயே ஊட்டப்பட்டுவிடுகின்றன. கோல்ஃப் அப்படியன்று. சுற்றத்தார் யாரும் கட்சி பிரிந்து நிற்காத ஆட்டம் அது. ஆகவே ஒருவர் தம் விருப்பத்துக்கான அளவுகோலைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டிய இடமாக அது அமைகிறது. மதிப்பீடு என்றால் என்ன என்று மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிடத் தூய எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

இந்தக் கேள்வியைக் கோபிநத்தத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். மாதேஸ்வரன் மலைக் காடுகளை ஒட்டி, ஒகேனக்கலுக்கு அருகே, காவிரிப் பக்கம் அமைந்த சிற்றூர் அது. மக்கள் பேசுவது தமிழ்; நிர்வாகம் கர்நாடகத்துடையது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது. வெளியுலகைப் பொறுத்தவரை இவ்வூருக்கு ஒரே அடையாளம்தான்: வீரப்பன் பிறந்த ஊர். 2004இல் அவர் கொல்லப்பட்ட பிறகும் அந்த ஒற்றைப் பெயர் ஊரை விட்டு நீங்கவில்லை. ஆனால் அவ்வூர் மக்களில் பலர் போற்றி நினைவுகூரும் பெயர் வேறு. வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் அங்கே தங்கி, மக்களோடு பழகி, மாரியம்மன் கோயில் எழக் காரணமாக இருந்தவர். 1991 நவம்பரில் வீரப்பனால் கொல்லப்பட்டார். பின்னர் அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது. வெளியார் புகழை வைத்து ஒருவரைத் தேர்ந்தார்கள். ஊரார் அருகிலிருந்து பார்த்த வேலையை வைத்து இன்னொருவரைத் தேர்ந்தார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இந்த வேறுபாடே முதல் பாடம். ஒருவர் எவ்வளவு அறியப்பட்டவர் என்பதைவிட, அவர் செய்த வேலை எத்தகையது என்பதே நல்ல தேர்வுக்கு அடிப்படை.

கோல்ஃபில் பொதுவாக மூன்று அளவுகோல்கள் புழங்குகின்றன. மூன்றுமே பயனுள்ளவை, மூன்றுமே போதாதவை.

முதலாவது வெற்றி. வெற்றிதான் அளவுகோல் என்றால் இந்தியாவில் தேர்வு எளிது. ஜீவ் மில்கா சிங் 1998இல் ஐரோப்பியச் சுற்றில் இடம்பெற்ற முதல் இந்தியர். 2006இல் வோல்வோ மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அர்ஜுன் அத்வால் 2010இல் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்று, அமெரிக்க பிஜிஏ சுற்றில் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். அனிர்பன் லாஹிரி 2015 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2022 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரே அடியில் முதலிடத்தை இழந்தார். இப்பட்டியலைப் படித்தவுடன் மதிப்பு எழுகிறது, விருப்பம் எழுவதில்லை. பட்டியல் முடிவுகளைச் சொல்கிறது. முடிவுக்கு முன் ஆட்டக்காரர் எதை எதிர்கொண்டார், எப்படி எதிர்கொண்டார் என்பதை அது சொல்வதில்லை. மேலும், வெற்றியை மட்டும் விரும்புபவர் ஆட்டக்காரரை விரும்புவதில்லை. அடுத்த வெற்றியாளர் வந்ததும் அவர் இடம் மாறிவிடுவார்.

இரண்டாவது மண்ணும் மொழியும். 'நம்மவர்' என்ற உரிமை இனிமையானது. ஆனால் கோபிநத்தத்தில் அது உடனே சிக்கலாகிறது. தமிழ் பேசும் கர்நாடகச் சிற்றூர்க்காரருக்கு நம்மவர் யார்? பெங்களூர்க்காரரா, சென்னைக்காரரா? மாநில எல்லை ஒரு பக்கம் இழுக்கும், மொழி மறுபக்கம் இழுக்கும். இரண்டும் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்கு இந்த அளவுகோலின் வெறுமை மற்றவர்களைவிட விரைவில் புலப்படும்.

மூன்றாவது எளிய பின்புலம். இதுவே மூன்றிலும் வலிமையானது. ஆய்வுலகத்தை மிகவும் ஈர்ப்பதும் இதுவே. இந்தியத் தொழில்முறை கோல்ஃபின் வரலாற்றில் பெரும்பகுதி, மைதானத்தில் பிறர் பையைச் சுமந்தவர்களின் வரலாறு. 1964இல் தொடங்கிய இந்திய ஓப்பன் பட்டத்தை 1991இல்தான் ஓர் இந்தியத் தொழில்முறை வீரர் முதன்முதலாக வென்றார். அவர் டெல்லி கோல்ஃப் கழகத்தில் பை சுமந்து ஆட்டம் கற்ற அலி ஷேர். 1993இல் மீண்டும் வென்றார். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் கழகத்தில் புல்தரை பராமரித்தவர்; மகன் 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸையும், 2016, 2017 ஆகிய ஈராண்டுகளிலும் இந்திய ஓப்பனையும் வென்றார். பெங்களூரில் பை சுமந்து தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் குருகிராமில் கொரியாவின் லீ சுங்கைக் கூடுதல் குழி ஆட்டத்தில் வீழ்த்தி இந்திய ஓப்பனைக் கைப்பற்றினார். பிடதி அருகே மைதானத்தை ஒட்டிய சிற்றூரில் பிறந்து, பந்து பொறுக்கும் சிறுவனாகத் தொடங்கிய சிக்கரங்கப்பா ஆசியச் சுற்று வரை உயர்ந்தார்.

பை சுமப்பவரை ஆங்கிலத்தில் அழைக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் 'கேடி' என்றே வரும். காவல் துறைப் பதிவேட்டின் சுருக்கெழுத்திலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் வசைச்சொல்லும் தமிழில் 'கேடி'தான். இரண்டும் வேர் வேறான சொற்கள். எழுத்தில் ஒன்றாகிவிட்டது தற்செயல். ஆயினும் சுமப்பவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் சமூகத்தில் அந்தத் தற்செயல் உறுத்தாமல் இருப்பதில்லை.

அப்படியானால் முனியப்பாவைப் பிடித்த வீரராகத் தேர்ந்தெடுப்பதே சரி என்று தோன்றும். தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அவர் ஏழையாகத் தொடங்கினார் என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அத்தகைய தேர்வில் ஆட்டக்காரர் மறைந்து, உவமைக் கதை மட்டும் எஞ்சுகிறது. 2009இன் கடைசி நாளில் அவர் எந்த இடத்தில் துணிந்தார், எந்த இடத்தில் அடங்கி ஆடினார் என்று யாரும் கேட்பதில்லை. முன்பு எவ்வளவு கூலி பெற்றார் என்றுதான் கேட்கிறார்கள். கோபிநத்தத்தை ஒற்றைப் பெயராகச் சுருக்கிய அதே பார்வை, இங்கே ஒரு கலைஞரை ஒற்றைச் சூழ்நிலையாகச் சுருக்குகிறது. ஒன்று பழி, மற்றொன்று பாராட்டு. சுருக்குவதில் இரண்டும் ஒன்றே.

எனவே நான்காவது அளவுகோல் ஒன்று தேவைப்படுகிறது: தம்மிடம் இல்லாததை ஒருவர் எப்படிக் கையாள்கிறார் என்பது. இந்த அளவுகோலில் முன்னே நிற்பவர் பெங்களூரில் 1998 மார்ச் 29 அன்று பிறந்த அதிதி அசோக்.

அதிதியிடம் இல்லாதது தூரம். கோல்ஃபில் இது சிறிய குறையன்று. ஒரு குழியின் முதல் அடியை நீளமாக அடிப்பவர், அடுத்த அடியைக் குட்டையான இரும்பு மட்டையால் ஆடலாம். பந்து உயர எழுந்து, செங்குத்தாக இறங்கி, குழியைச் சுற்றியுள்ள மென்புல் தளத்தில் விழுந்த இடத்துக்கு அருகிலேயே நின்றுவிடும். முதல் அடி குறைந்தவர் இரண்டாம் அடிக்கு நீண்ட மட்டையை எடுக்க வேண்டும். பந்து தாழ்வாக வந்து, தளத்தைத் தொட்டு, உருண்டு கடந்துவிடக்கூடும். ஆகவே குறைந்த தூரம் ஒவ்வொரு குழியிலும் புதிதாக வசூலிக்கப்படும் வட்டி போன்றது. அதைத் திருப்பிச் செலுத்த ஒரே வழி, தளத்தின்மேல் நின்று பந்தை உருட்டிக் குழியில் சேர்க்கும் நுண்மை. தளத்தின் சரிவு, புல் படிந்திருக்கும் திசை, ஈரம், வேகம் ஆகிய யாவற்றையும் படித்து, கை நடுங்காமல் உருட்ட வேண்டும்.

கோல்ஃபின் கணக்குமுறை இங்கே ஒரு விந்தையான நீதியைச் செய்கிறது. 250 கெஜம் பறக்கும் அடியும் ஓர் அடி, 2 அங்குலம் உருளும் அடியும் ஓர் அடி. வலிமைக்குத் தனி மதிப்பெண் இல்லை. வலிமை குறைந்தவர் வெல்ல இடம் உண்டு. ஆனால் ஒருமுறைகூடக் கவனம் சிதற இடமில்லை. அதிதியின் ஆட்டம் இந்த விதியின் மிகத் தெளிவான விளக்கவுரை.

அதன் உச்சம் 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெளிப்பட்டது. உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்த அவர், அவ்வாண்டு கொரோனா தொற்றிலிருந்து மீண்டு வந்திருந்தார். முன்பே குறைவான தூரம் மேலும் குறைந்திருந்தது. 60 பேர் ஆடிய கசுமிகசேக்கி மைதானத்தில் முதல் மூன்று நாள் அவர் எடுத்தவை 67, 66, 68 அடிகள். மூன்றாம் நாள் முடிவில் இரண்டாம் இடம். அவருக்கு முன்னே இருந்தவர் நெல்லி கோர்டா, அப்போதைய உலக முதல்நிலை வீராங்கனை. ஆகஸ்ட் 7 அதிகாலையில், கோல்ஃபின் விதி ஒன்றும் அறியாத இந்தியர் பலர் விழித்திருந்து, இலக்குக்குக் கீழே எத்தனை என்று கணக்குக் கற்றுக்கொண்டார்கள். இறுதி நாளும் 68. மொத்தம் 269. கோர்டா 267, ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 268. நான்கு நாளின் ஆட்டத்தில் ஒரே ஓர் அடி அவரைப் பதக்கத்திலிருந்து பிரித்தது. பதினெட்டாம் குழியில் அவர் உருட்டிய நெடுந்தூரப் பந்து குழியில் விழவில்லை.

நான்காம் இடத்துக்கு மேடை இல்லை. ஆனால் மேடை இல்லாத இடத்தில்தான் வேலையின் தரம் கலப்பின்றித் தெரிகிறது. பதக்கம் வந்திருந்தால் பேச்செல்லாம் பதக்கத்தைப் பற்றியதாகியிருக்கும். அது வராததால், பார்த்தவர்களுக்கு எஞ்சியது ஆட்டம் மட்டுமே. ஆட்டத்தை விரும்பக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காலைப்பொழுது இந்திய கோல்ஃபுக்கு வாய்த்ததில்லை எனலாம்.

விருப்பத்தின் உண்மையான சோதனை பின்னர் வந்தது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதிதி மூன்றாம் நாளில் 61 அடிகளில் முடித்து, 7 அடி முன்னிலை பெற்றார். இறுதி நாளில் 77. தாய்லாந்தின் அர்பிச்சயா யூபோல் 2 அடி வேறுபாட்டில் தங்கத்தைக் கொண்டுபோனார். அதிதிக்குக் கிடைத்த வெள்ளி, ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண்ணொருவர் பெற்ற முதல் பதக்கம்; ஆயினும் அது வரலாறாகவும் சரிவாகவும் ஒருசேர நினைவில் நிற்கிறது. அடுத்த மாதமே ஸ்பெயினில் ஐரோப்பிய மகளிர் சுற்றுப் பட்டம் ஒன்றை வென்றார். டோக்கியோவை நேசிப்பது எளிது. ஹாங்சோவின் கடைசி நாளையும் சேர்த்து ஏற்றுக்கொள்பவரே அவரைப் பிடிக்கும் என்று சொல்லத் தகுதி பெறுகிறார். நுண்மையை மட்டும் நம்பி ஆடுபவருக்கு நுண்மை கைவிடும் நாள் உண்டு. அந்த நாளில் தஞ்சம் புக வேறு வலிமை இராது. அந்த இடரை அறிந்தே அவர் ஒவ்வொரு வாரமும் களம் இறங்குகிறார்.

இத்தேர்வுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதிதி வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில் பயிற்சி பெறும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. முனியப்பா சுமையோடு நுழைந்த உலகில் அதிதி விளையாடவே நுழைந்தார். அப்படியிருக்க, 'ஆட்டத்தின் நுண்மை' என்ற பெயரில் வர்க்கச் சார்பு ஒளிந்துகொள்ளவில்லையா? ரசனை என்பது பல நேரங்களில் வசதியின் மறுபெயர் என்று சமூகவியல் கற்பித்திருக்கிறதே?

மறுப்பு நியாயமானது, இரண்டு விடைகள் அதற்கு உண்டு. முதலாவது, வசதி ஒரு வாயிலைத் திறந்தது; எல்லா வாயில்களையும் திறக்கவில்லை. 1900இல் பாரிசில் பெண்கள் கோல்ஃப் ஆடிய பிறகு, 2016 ரியோ வரை ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் இல்லை. 1754இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கழகம் 2014இல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்க வாக்களித்தது. அதற்குப் பதினாறு மாதங்கள் கழித்து, 2016 ஜனவரியில், 17 வயதில் அதிதி தொழில்முறை ஆட்டக்காரரானார். அவ்வாண்டு ரியோவில் ஆடினார். நவம்பரில் இந்திய மகளிர் ஓப்பனை வென்று, ஐரோப்பிய மகளிர் சுற்றில் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். ரியோவில் அவருடைய பையைச் சுமந்தவர் தந்தை; டோக்கியோவில் சுமந்தவர் தாய். தொழில்முறை விளையாட்டின் உச்சத்தில் ஒரு தாய் மகளுக்காகக் கேடியாக நடந்த அந்த நான்கு நாள், அச்சொல்லின் மேல் படிந்திருந்த ஏளனத்தைச் சிறிதேனும் துடைத்தது.

இரண்டாவது விடையே முக்கியமானது. விருப்பமும் நீதியும் வேறு வேறு கடன்கள். முனியப்பாவுக்குச் சேர வேண்டியது பார்வையாளரின் கைத்தட்டல் மட்டுமன்று. அவரைப் போன்ற இன்னொரு சிறுவன் பை சுமக்காமலேயே மைதானத்துக்குள் நுழையும் வழி. அந்தக் கடன் ரசிகர்மேல் இல்லை. கழகங்கள்மேலும் அரசுகள்மேலும் இருக்கிறது. முனியப்பாவைப் பிடித்த வீரர் என்று அறிவித்துவிட்டு, அந்தக் கடன் தீர்ந்ததாக எண்ணிக்கொள்வது எளிது. ஆய்வுலகில் அடிக்கடி நிகழ்வதும் அதுவே: ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதுவது, அவருக்காக எதையும் மாற்றாமல் இருப்பதற்கான அனுமதியாகிவிடுகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. ராயல் கல்கத்தா கழகம் 1829இலும் பெங்களூர் கோல்ஃப் கழகம் 1876இலும் தோன்றின. காலனி ஆட்சியாளரின் ஓய்வுக்காக உருவான இத்தகைய கழகங்களின் புல்வெளிகள் இன்று பெருநகரங்களின் நடுவே கிடக்கின்றன. 2024 செப்டம்பரில் சென்னை கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் 160 ஏக்கர் குத்தகையைத் தமிழ்நாடு அரசு ரத்துச் செய்தபோது, அத்திடலுக்குள் இருந்த கோல்ஃப் மைதானமும் அந்த வழக்கோடு சேர்ந்தே பேசப்பட்டது. நிலம் யாருக்கு என்ற கேள்வி எழுந்துவிட்டது. ஆட்டம் யாருக்கு என்ற கேள்வி இன்னும் உரக்க எழவில்லை. மைதானம் மூடியிருக்கும் வார நாளில் மட்டும் பை சுமப்போர் ஆட அனுமதிக்கும் வழக்கம் இந்தியக் கழகங்கள் பலவற்றில் உண்டு. அந்த ஒரு நாளிலிருந்தே இத்தனை வீரர்கள் வந்தார்கள் என்றால், மற்ற ஆறு நாள் எதைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன? இக்கேள்வியைக் கேட்க ஒருவர் முனியப்பாவின் ரசிகராக இருக்க வேண்டியதில்லை. குடிமக்களாக இருந்தால் போதும்.

இரண்டையும் பிரித்து வைத்தால் இரண்டும் தெளிவு பெறும். நீதிக்காகப் பேசும்போது தமக்குப் பிடிக்காத ஆட்டக்காரருக்காகவும் பேச வேண்டியிருக்கும். விருப்பத்தைச் சொல்லும்போது நீதியின் ஆடையை அதற்குப் போர்த்த வேண்டியதில்லை. முனியப்பாவின் ஆட்டத்தையே அருகிலிருந்து பார்த்து, அதன் துணிவுக்காக அவரை விரும்புபவர் ஒருவர் இருந்தால், அவருடைய தேர்வு இங்கே சொல்லப்பட்ட தேர்வுக்கு நிகரானது. சௌராசியாவின் குறுந்தொலைவு நுண்மையை விரும்புபவருக்கும் அப்படியே. அத்தேர்வுகளோடு வாதிடலாம், அவற்றை இரக்கம் என்று தள்ள முடியாது.

கோபிநத்தத்தில் ஒரு மாணவர் கைப்பேசியில் முதன்முறையாக கோல்ஃப் பார்க்கிறார் என்று கொள்வோம். யாரைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைதானத்தில் எல்லாரையும்விடக் குறைந்த தூரம் அடித்துவிட்டு, தலை குனியாமல் பந்தை நோக்கி நடப்பவர் யார் என்று பார்க்கச் சொன்னால் போதும். அடுத்த அடியை அவர் எப்படி ஆடுகிறார் என்று பார்த்தபின், மாணவர் தம் தேர்வைத் தாமே செய்துகொள்வார். அது அதிதியாக இல்லாமலும் போகலாம். ஏன் என்று கேட்டால், பார்த்த ஆட்டத்திலிருந்து ஒரு காரணம் சொல்ல முடிந்தால், அத்தேர்வு அவருடையது.